அறிவுரை அடுப்பு வரை போகுமா?

1941 மே மாதம். அமெரிக்கா இன்னும் இரண்டாம் உலகப் போரில் இறங்கவில்லை. ஆனாலும் அதிபர் ரூஸ்வெல்ட் வாஷிங்டனில் ஊட்டச்சத்து மாநாடு ஒன்றைக் கூட்டினார். ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புரதம், இரும்பு, வைட்டமின் வேண்டும் என்ற பட்டியல் அங்கே வெளியானது. உடம்பில் தெம்பில்லாத தொழிலாளி கப்பலும் விமானமும் கட்ட முடியாதே!

பட்டியல் போட்டாயிற்று. வீட்டுச் சமையல் மாற வேண்டுமே?

போர் முற்றியதும் நல்ல இறைச்சி படைவீரர்களுக்குப் போனது. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள் மலிவாகக் கிடைத்தன. இரும்பும் பி வைட்டமின்களும் நிறைந்தவைதான். ஆனால் பல குடும்பங்கள் அவற்றைத் தொடவே முகம் சுளித்தன.

அயோவாவில் இருந்த உளவியலாளர் கர்ட் லெவின் இதை ஆராய்ந்தார். இல்லத்தரசிகளின் ஆறு குழுக்களை எடுத்துக்கொண்டார். மூன்று குழுக்களுக்குச் சொற்பொழிவு: வைட்டமின் கணக்கு, நாட்டுக்கான கடமை, கையில் சமையல் குறிப்பு. மற்ற மூன்று குழுக்களில் பெண்களே பேசினார்கள். வேகும்போது வரும் வாடை, கணவரின் முணுமுணுப்பு எல்லாம் வெளியே வந்தன. அதன் பிறகே நிபுணர் வழி சொன்னார். கடைசியில், "அடுத்த வாரம் யார் சமைத்துப் பார்ப்பீர்கள்?" என்று கேட்க, கைகள் உயர்ந்தன.

பின்னர் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேரே புதிதாகச் சமைத்திருந்தார்கள். கூடிப் பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம் பேர்! சத்தும் சமையல் குறிப்பும் இரு தரப்புக்கும் ஒன்றுதான். முடிவு யாருடையது என்பதில்தான் வித்தியாசம்.

மனம் இசைந்தாலும் நேரம் வேண்டும். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் கைசர் நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்த்தார்கள். 1943-இல் தளங்களின் வாசலிலேயே குழந்தைகள் காப்பகங்கள் திறக்கப்பட்டன. இரவு ஷிஃப்ட் பார்க்கும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கும் அங்கே இடமுண்டு. பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு கிடைத்தது. முன்கூட்டியே சொல்லிவைத்தால், பிள்ளையை அழைத்துப்போகும் தாய் சமைத்த உணவையும் வாங்கிப் போகலாம். வீட்டில் சூடு பண்ணினால் போதும். ஊட்டச்சத்து நிபுணர் மிரியம் லோவென்பெர்க் இந்த உணவுப் பணிக்குப் பொறுப்பாக இருந்தார்.

போர் முடிந்ததும், 1945-இல், காப்பகங்கள் மூடப்பட்டன. அவையும் லெவினின் ஆய்வும் காட்டிய வழி இன்றும் பொருந்தும். சத்துணவு பற்றிப் பேசப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இதைச் சமைக்க உங்களுக்கு என்ன தடை?" பதிலைக் காதுகொடுத்துக் கேளுங்கள், வைட்டமின் கணக்கைப் பிறகு சொல்லலாம்.