நண்பர் மனம் புண்படுமோ?

ஒரு மதத்தின் புனித சரித்திரத்தைப் பாட்டும் கூத்துமாக நடிக்கிறார்கள். அதைப் பார்க்க அம்மதத்து நண்பரை அழைக்கலாமா? ‘ஜீஸஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ என்னும் சங்கீத நாடகம் 1973-ஆம் வருஷம் படமாக வந்தது. நம்முடன் பணிபுரியும் கிறிஸ்தவ உபாத்தியாயரை அதைக் காண நம் இல்லத்துக்கு அழைக்க எண்ணியபோது, இந்தச் சங்கடம் நமக்கும் நேர்ந்தது.

1971 அக்டோபர் 12-ஆம் தேதி அந்நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியபோதே ஆட்சேபம் கிளம்பிற்று. ஏசுநாதரின் கடைசி நாட்களை அது பெரும்பாலும் யூதாஸின் கண்கொண்டு பார்க்கிறது. சிலுவையோடு கதையை முடித்து விடுகிறது. கிறிஸ்தவ விசுவாசத்துக்கு ஆணிவேரான உயிர்த்தெழுதல் அதில் இல்லை. யூதர்களுக்கோ, பழைய பழி தங்கள்மீது மறுபடி விழுகிறதே என்ற வருத்தம். ஆயினும் லண்டனில் 1972 முதல் 1980 வரை 3,358 தடவை அது நடந்தது.

நடிப்பதே குற்றம் என்று சொல்வதற்கில்லை. ஜெர்மனியில் ஓபரம்மர்காவ் கிராமத்தார், கொள்ளைநோய்க் காலத்தில் செய்துகொண்ட பிரார்த்தனைப்படி, 1634 முதல் ஏசுவின் பாடுகளை நாடகமாக நடித்து வருகிறார்கள். அதில் சங்கீதமும் உண்டு. ஆகவே, உறுத்துவது பாட்டன்று. பக்தர் போற்றுவதை விட்டுவிடுவதே.

கடைசியில் நண்பரிடம் யாவற்றையும் ஒளிக்காமல் கூறினோம். அவர் சற்று யோசித்தார். “வருகிறேன் ஐயா. ஆனால் படம் முடிந்தபின் விட்டுப்போன கதையை நான் சொல்வேன், தாங்கள் கேட்க வேண்டும்” என்றார்.

அவ்விதமே கேட்டோம். நண்பரின் மனம் எதில் நோகும் என்பதை நாமே தீர்மானித்து, அழைக்காமல் இருந்திருந்தால், அந்தக் கதையை அவர் வாயால் கேட்கும் பாக்கியம் நமக்குக் கிட்டியிராது.