நோட்டீஸ் அனுப்பியவருக்கு அதிகாரம் உண்டா?

வரி ஏய்ப்பு என்று ஒரு வணிகருக்கு நோட்டீஸ் வந்தால், கடையிலும் ஆடிட்டர் அலுவலகத்திலும் உடனே எழுவது ‘எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள்?’ என்ற கேள்விதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இதை அனுப்ப இந்த அதிகாரிக்குச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறதா? 2021 மார்ச் 9 அன்று கேனன் இந்தியா வழக்கை உச்ச நீதிமன்றம் முதன்மையாக இந்தக் கேள்வியை வைத்தே முடித்தது. இறக்குமதியான டிஜிட்டல் கேமராக்களுக்குச் சுங்க வரி விலக்குக் கொடுத்துச் சரக்கை விடுவித்தவர் சுங்கத் துறை அதிகாரி. அந்த விலக்கு தவறு, வரியைக் கட்டு என்று பின்னாளில் நோட்டீஸ் அனுப்பியதோ வருவாய் புலனாய்வு இயக்குநரகம். 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்லும் ‘உரிய அதிகாரி’ முதலில் மதிப்பீடு செய்தவரோ அந்தப் பொறுப்பில் அடுத்து வந்தவரோதான், வேறு துறைக்காரர் அல்லர் என்றது நீதிமன்றம். ஆங்கில மூலத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்கும் ‘தி’ என்ற சிறு சொல்லுக்குக்கூட நீதிபதிகள் பொருள் கண்டார்கள்.

ஏய்த்தவர் தப்பிக்க இது வழியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சரக்கே நகராமல் பில் மட்டும் போட்டு இன்புட் கிரெடிட் எடுப்பவர்களால், ஒழுங்காகக் கட்டும் வணிகர்தான் போட்டியில் நசுங்குகிறார். ஆனால் நோட்டீஸ் என்பது குற்றச்சாட்டு மட்டுமே. அந்தக் கட்டத்தில் யாரும் ஏய்த்தவர் ஆகிவிடுவதில்லை. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 265-ஆவது பிரிவு சொல்கிறது. வரி சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்பவரும் சட்டம் காட்டிய ஆளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே கணக்குப் புத்தகத்தை ஒரு துறை மூடுவதற்குள் இன்னொரு துறை திறக்கச் சொல்லும். அந்த அலைச்சல் குற்றமற்றவரையும் விட்டுவைக்காது.

ஜிஎஸ்டியில் இது வெறும் அச்சமாக நிற்கவில்லை. வணிகர்களை மத்திய அரசும் மாநிலங்களும் 2017-இல் பிரித்துக்கொண்டன. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குக் கீழே இருப்பவர்களில் 90 விழுக்காட்டினர் மாநிலத்துக்கு, 10 விழுக்காட்டினர் மத்திய அரசுக்கு. அதற்கு மேலே சரிபாதி. புலனாய்வுத் தகவல் கிடைத்தால் இரு தரப்பாரும் எந்த வணிகர் மீதும் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2018 அக்டோபரில் மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியம் கடிதம் எழுதியது. ஆனால் இப்படி அதிகாரத்தை மாற்றிக் கொடுப்பதற்குத் தேவையான அறிவிக்கை வெளியாகவில்லை. ஆகவே ஒரு தரப்புக்கு ஒதுக்கிய வணிகர் மீது மறுதரப்பு எடுத்த நடவடிக்கை செல்லாது என்று 2024 மார்ச்சில் வர்தன் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லா உயர் நீதிமன்றங்களும் இந்தப் பார்வையை ஏற்கவில்லை. ஒரே விஷயத்துக்கு இரண்டு நடவடிக்கை கூடாது என்ற, மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 6(2)(பி) பிரிவைப் பொறுத்தவரை, 2025 ஆகஸ்டில் ஆர்மர் செக்யூரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவு தந்தது. சம்மன் வருவதோ சோதனை நடப்பதோ அந்தப் பிரிவு சொல்லும் ‘நடவடிக்கை’ ஆகாது. ஷோகாஸ் நோட்டீஸில்தான் அது தொடங்குகிறது. சம்மன் வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். அதே விஷயத்தை வேறொரு அலுவலகம் ஏற்கெனவே விசாரிக்கிறது என்றால், பின்னால் வந்தவருக்கு அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரு அலுவலகங்களும் தங்களுக்குள் பேசி ஒருவர் தொடர வேண்டும். முடிவு எட்டாவிட்டால் முதலில் விசாரணையைத் தொடங்கியவரே தொடர்வார். இந்த நெறிகளை அவர்கள் மீறினால் உயர் நீதிமன்றம் போகலாம்.

இவ்வளவு வலுவான உரிமையை வைத்துக்கொண்டு பலர் செய்யும் தவறு, அதை மட்டுமே நம்பி நிற்பது. கேனன் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு நாடெங்கும் வழக்குகள் குவிந்தன. 2022 நிதிச் சட்டம் சுங்கச் சட்டத்தைத் திருத்தி, பழைய நோட்டீஸ்களுக்கும் உயிர் கொடுத்தது. 2024 நவம்பர் 7 அன்று, மறு ஆய்வு மனுவில், உச்ச நீதிமன்றமே தன் பழைய தீர்ப்பை மாற்றி, வருவாய் புலனாய்வு அதிகாரிகளும் உரிய அதிகாரிகளே என்றது. இயக்குநரகத்துக்கு அதிகாரம் அளித்த 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை முதல் தீர்ப்பில் கவனிக்கப்படவே இல்லை. நோட்டீஸை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் நின்றவர்கள் மீண்டும் அதிகாரியின் மேசைக்கே அனுப்பப்பட்டார்கள். அப்போது எடுத்து வைக்கக் கையில் கணக்கும் ஆவணமும் இல்லாதவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சென்னைத் தீர்ப்பில் வென்றவர்களுக்கும் கதை அங்கே முடியவில்லை: உரிய அதிகாரிகள் புதிதாகத் தொடங்கலாம், வழக்கில் போன காலம் காலவரம்பில் சேராது என்றே நீதிமன்றம் சொன்னது. அதிகார வரம்பில் வென்றால் விழுவது நோட்டீஸ். வரிக்கடன் இருந்தால் அது அப்படியே நிற்கும்.

ஆகவே முதல் பதிலிலேயே இரண்டையும் எழுதுங்கள். ‘எனக்கு நோட்டீஸ் அனுப்ப உங்களுக்கு அதிகாரமில்லை’ என்ற ஆட்சேபம் முதல் பத்தியில் இருக்கட்டும். அதை விட்டுக்கொடுக்காமலே, கேட்ட தொகை ஏன் தவறு என்பதற்கு பில், இ-வே பில், வங்கிக் கணக்கு எல்லாம் அடுத்த பத்திகளில் வரட்டும். அதிகாரமே இல்லாதபோது அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவில் ரிட் மனு போட முடியும் என்பது உண்மை. ஆனால் மேல்முறையீட்டுக்கான காலம் முழுவதையும் கடத்திவிட்டு வருகிறவருக்கு ரிட் மனு கைகொடுக்காது என்று 2020-இல் கிளாக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சோதனைக்கு வந்தவர்கள் மிரட்டி அங்கேயே பணம் கட்ட வைத்தால், அதைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் செல்லலாம் என்று 2025 பிப்ரவரியில் ராதிகா அகர்வால் வழக்கில் தெளிவாகியிருக்கிறது. கைது அச்சம் இருந்தால் முன்ஜாமீனும் கேட்கலாம்.

உத்தரவு கைக்குக் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஜிஎஸ்டி மேல்முறையீட்டுக்கு அன்றிலிருந்து மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம். தகராறில் உள்ள வரியில் 10 விழுக்காட்டை முன்கூட்டிக் கட்ட வேண்டும்.