வெள்ளத்தில் எல்லாருக்கும் ஒரே மேடு!



"ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் செட்டிகுளத்தில் இதைச் சொன்னால், "பெய்யட்டும்டா தம்பி, பெஞ்சாத்தானே கெணத்துல தண்ணி" என்றுதான் பதில் வரும். எங்கள் ஊர் காவிரிக் கரையில் இல்லை. பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்தில், மழையை நம்பியே வாழும் பூமி. மலைமேல் கையில் கரும்போடு தண்டாயுதபாணி, ஊருக்குள் ஏகாம்பரேசுவரர், சுற்றுவட்டாரம் முழுக்கச் சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம். இப்படி வானம் பார்த்த ஊர்க்காரன் வெள்ளத்தைப் பற்றி என்ன எழுதப் போகிறான் என்று நீங்கள் நினைக்கலாம்.

விஷயம் இருக்கிறது! எங்கள் மாவட்டத்தில் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. அதிலும் ஒரு புயல் சேர்ந்துகொண்டால் போதும். தூர்ந்துபோன ஓடை தண்ணீரை வாங்காது, ஏரி நிறைந்து கலிங்கு வழியும், வயலில் தனியாக நிற்கும் காட்டுக்கொட்டகையைச் சுற்றி முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றுவிடும். "முழங்கால் தண்ணியெல்லாம் ஒரு வெள்ளமா?" என்று சிரிக்காதீர்கள். கட்டுத்தறியில் கட்டிய கன்றுக்குட்டிக்கும், பஞ்சாரத்தில் கவிழ்த்த கோழிக்கும், வரப்பு வளையில் கிடக்கும் பாம்புக்கும் அதுதான் பிரளயம்!

அந்த ராத்திரியில் யார் யார் எங்கே போகிறார்கள், நாம் என்ன செய்யலாம் என்பதே இந்தக் கட்டுரை.

கரிசல் மண்ணின் கணக்கு

சிவில் படிக்கிற நண்பர்களுக்கு இது தெரிந்த பாடம்தான். கரிசல் மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் தாது அதிகம். வெயிலில் அது சுருங்கும், மழையில் உப்பும். கோடையில் நம் நிலத்தில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுகிறதே, அந்த வெடிப்பெல்லாம் சும்மா கிடப்பதில்லை. எலி, தேள், பூரான், தவளை, பாம்பு எல்லாவற்றுக்கும் அது வாடகையில்லா வீடு.

மழை தொடர்ந்து பெய்தால் மண் உப்பி, வெடிப்பு மூடிக்கொள்கிறது. தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கிறது. வரப்பு எலியின் வளைக்குள்ளும் தண்ணீர் போய்விடுகிறது. ஒரே நாளில் அத்தனை பேருக்கும் வீடு போச்சு! எலி காய்ந்த இடத்தைத் தேடி ஓடுகிறது. எலியைத் தின்னும் பாம்பும் காய்ந்த இடத்தைத்தான் தேடுகிறது. அந்தக் காட்டில் காய்ந்த இடம் எது? நம் வீட்டுத் திண்ணை, வைக்கோல் போர், விறகு அடுக்கு, அப்புறம் வெங்காயப் பட்டறை. பட்டறையை ஈரம் ஏறாமல் அடியில் கல் அடுக்கி, காற்றுப் போக இடம் விட்டுத்தானே போடுகிறோம்? அந்த இடைவெளி அவர்களுக்கும் வசதிதான்.

ஆக, பாம்பு நம்மைத் தேடி வரவில்லை. நாம் ஏறி நிற்கிற அதே மேட்டைத் தேடித்தான் வருகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் கயிற்றை அவிழ்!

மாட்டுக்கு நீச்சல் யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் முளைக்குச்சியில் கட்டிய மாடு எங்கே நீந்தும்? தண்ணீர் ஏற ஏற, கயிறு கழுத்தைக் கீழே இழுக்கும். அவிழ்க்கலாம் என்று போனால், நனைந்த நார்க்கயிறு உப்பி முடிச்சு இறுகிப்போயிருக்கும். இருட்டு வேறு. அதனால் மழைக்காலத்தில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும். தாழ்வாரத்து எரவாணத்தில் ஓர் அரிவாள் செருகியிருக்கட்டும். தண்ணீர் கொட்டகை வாசலைத் தொடும்போதே மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

கோழிப் பஞ்சாரத்தைத் தரையில் கவிழ்க்காமல் திண்ணைக்கோ பரணுக்கோ மாற்றுங்கள். நாயைச் சங்கிலியில் விட்டுவிட்டு வெளியூர் போகாதீர்கள். ஆட்டுக்குட்டிகளுக்கு ஒரு பழைய கட்டில் கூடப் போதும்.

"உயிருக்கு ஆபத்தான நேரத்தில் நாய், பூனையெல்லாம் ஒரு கவலையா?" என்று சிலர் கேட்பார்கள். 2005-ல் அமெரிக்காவில் கத்ரினா புயல் அடித்தபோது, தங்கள் நாய், பூனைகளைக் கூட்டிப் போக முடியாது என்றதால் வீட்டை விட்டு வர மறுத்தவர்கள் ஏராளம். அதற்குப் பிறகு 2006-ல், மீட்புத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே தனிச் சட்டமே வந்தது. நம் ஊர் அப்பாயி மட்டும் என்ன, கறவை மாட்டை விட்டுவிட்டு வந்துவிடுவாரா? "மாடு வராம நான் வரமாட்டேன்" என்றுதான் சொல்லுவார். மாட்டுக்கு வழி செய்தால்தான் அப்பாயியையும் காப்பாற்ற முடியும்!

வந்த விருந்தாளி யார்?

வீட்டுக்குள் வருகிற எல்லாப் பாம்பும் விஷப் பாம்பு அல்ல. சாரைக்கு விஷம் கிடையாது, எலி பிடிப்பதில் கெட்டிக்காரன். தண்ணீர்ப் பாம்பு வெடுக்கென்று கடிக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. நம் நாட்டில் அதிக உயிரிழப்புக்குக் காரணமானவை நான்கு.

1. நல்ல பாம்பு: படம் எடுத்து எச்சரிக்கும்.

2. கட்டுவிரியன்: கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள். ராத்திரியில் திரியும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்குதல், பிறகு மூச்சுத் திணறல்.

3. கண்ணாடி விரியன்: தடித்த உடல், சங்கிலி போன்ற புள்ளிகள். குக்கர் போலச் சீறும். இதன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

4. சுருட்டை விரியன்: சின்னதுதான், ஆனால் பொல்லாதது. கல், பாறை இடுக்கில் இருக்கும்.

எதுவென்று தெரியாவிட்டால் விஷப் பாம்பு என்றே வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். அடிக்கப் போகாதீர்கள். அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அதோடு 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைக் கொல்வது குற்றம். தீயணைப்பு மீட்புத் துறைக்கு 101-ல் சொன்னால் வந்து பிடிப்பார்கள். வாசலில் பூண்டு கரைத்து ஊற்றுவதும், பினாயில் தெளிப்பதும் பாம்பைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

நாய் ராத்திரியில் ஒரே மூலையைப் பார்த்து விடாமல் குரைத்தால், "சும்மா கெட" என்று அதட்டாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். பூனை எதையோ முறைத்துக்கொண்டு நின்றாலும் அப்படித்தான். நம் வீட்டு வாட்ச்மேன்கள் அவர்கள்!

தவளைகளை மட்டும் தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள். மழைக்காலத்தில் மஞ்சளாக மாறிக் கத்துகிறதே பெரிய தவளை, அது இணையைக் கூப்பிடுகிற ஆண் தவளை. ஒரு காலத்தில் இந்தியா தவளைக் காலை டன் கணக்கில் வெளிநாட்டுக்கு அனுப்பியது. பூச்சி தின்னும் தவளைகள் குறைந்தால் வயலுக்குக் கேடு என்ற கவலை எழுந்து, 1987-ல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது.

கடித்துவிட்டால்...

2020-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர். சராசரியாக ஆண்டுக்கு 58,000! பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக் கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

செய்யக் கூடாதவை: கயிறு இறுக்கிக் கட்டாதே. பிளேடால் கீறாதே. வாயால் உறிஞ்சாதே. மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தைக் கடத்தாதே. பாம்பைப் பிடிக்க அலையாதே, எந்தப் பாம்பு என்று டாக்டருக்குக் காட்ட வேண்டிய அவசியமில்லை.

செய்ய வேண்டியவை: கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வையுங்கள். கை, காலில் மோதிரம், கொலுசு, மெட்டி இருந்தால் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் கட்டை வைத்துக் கட்டுவோமே, அதுபோல இறுக்காமல் கட்டி, அந்த உறுப்பு அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். இவ்வளவு எளிமையான சோதனை!

விஷமுறிவு மருந்து ஒன்றே மேலே சொன்ன நான்குக்கும் கேட்கும். அது எப்படி வருகிறது தெரியுமா? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இருளர்கள் பாம்பைப் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து தயாராகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மாட்டையோ நாயையோ பாம்பு கடித்தாலும் மருந்து உண்டு. 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

தண்ணீர் வடிந்த பிறகு

"அப்பாடா" என்று உட்காருகிற நேரமில்லை இது. 2018-ல் கேரள வெள்ளம் வடிந்தபோது, வீட்டைச் சுத்தம் செய்யப் போனவர்களைப் பாம்பு கடித்ததாக நிறையச் செய்திகள் வந்தன. தண்ணீர் போய்விடும், விருந்தாளி உடனே போகமாட்டார்! துணி மூட்டை, விறகு, ஓடு எதையும் கையால் தூக்காமல் முதலில் கழியால் தட்டுங்கள். செருப்பை உதறிப் போடுங்கள். தரையில் படுக்காமல் கட்டிலில், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தால் கட்டுவிரியன் பயம் பெரிதும் குறையும்.

அதே கேரளத்தில் அப்போது எலிக்காய்ச்சலும் பரவியது. எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமி, காலில் உள்ள சின்னப் புண் வழியாகக் கூட உடம்புக்குள் போகும். சேற்றில் இறங்கி வேலை செய்தபின் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் வந்தால், "மழைக் காய்ச்சல்தான்" என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்காமல் டாக்டரிடம் தண்ணீரில் நின்றதைச் சொல்லுங்கள்.

கால்நடைக்கு வருவோம். நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும், "வீணாப் போகுதே" என்று மாட்டுக்குப் போடாதீர்கள். அந்தப் பூஞ்சணத்தில் இருக்கும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். புது மழைப் புல்லை ஆடு வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி வரலாம். மாட்டுக்குத் தொண்டை அடைப்பான், சப்பை நோய், ஆட்டுக்குத் துள்ளுமாரி, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல், நாய்க்கு வெறிநோய் இவற்றுக்கெல்லாம் மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

நம் படிப்பு எதற்கு?

அஸ்ஸாமில் காசிரங்கா என்ற காடு இருக்கிறது. பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் அதை மூழ்கடிக்கும். காண்டாமிருகமும் மானும் ஏறி நிற்பதற்காகவே வனத்துறை அங்கே மண் மேடுகள் போட்டு வைத்திருக்கிறது. காண்டாமிருகத்துக்குச் செய்கிற காரியத்தை நம் கறவை மாட்டுக்குச் செய்ய முடியாதா?

சிவில் நண்பர்களே, ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள், எந்த வருஷம் எதுவரை தண்ணீர் நின்றது என்று சுவரைக் காட்டிச் சொல்வார். அந்த அடையாளத்துக்கு ஒரு முழம் மேலே கொட்டகைத் தரை இருக்க வேண்டும். கரிசலைக் கொட்டி உயர்த்தாமல் கிராவல் கொட்டிக் கெட்டிப்படுத்துங்கள். விறகையும் வைக்கோலையும் படுக்கும் அறையிலிருந்து தள்ளி வையுங்கள். வெள்ளத்தில் வரும் பிராணிகளுக்கு அதுவே தனி மேடாகட்டும்!

எலெக்ட்ரிகல் நண்பர்களே, ஈரத் தரையில் மின்சாரம் கசிந்தால் மனிதனைவிட மாட்டுக்குத்தான் ஆபத்து அதிகம். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தூரம் அதிகம், அதனால் இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசமும் அதிகம். மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைக் கொட்டகை லைனில் மாட்டி, எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வாசலுக்கும் கழிவறைக்கும் நடுவில் ஒரு விளக்குப் போடுங்கள். அந்த விளக்கு வெளிச்சத்தில் கால் வைக்கும் இடம் தெரிந்தாலே பல கடிகள் நடக்காது.

இந்த மலர் உங்கள் கைக்கு வந்தபின் ஊருக்குப் போகிற முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேலை செய்யுங்கள். மாட்டுக் கயிற்றின் முடிச்சைப் பாருங்கள். 101, 108, 1962 ஆகிய எண்களைக் கரிக்கட்டியால் கதவுக்குப் பின்னால் எழுதிப் போடுங்கள். மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

- மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், செட்டிகுளம்