உங்களுக்குத் தெரியுமா? ராஜகிரியில் வாங்கும் மூச்சும் பயத்தில் வாங்கும் மூச்சும்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். பாதிப் படி ஏறுவதற்குள் யாருக்கும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். உழைக்கும் தசைகளுக்கு ஆக்சிஜன் வேண்டும், அவை உண்டாக்கும் கரியமில வாயு வெளியேற வேண்டும். நுரையீரல் அதற்கு ஈடுகொடுக்கிறது. நிழலில் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

மருத்துவர்கள் 'ஹைப்பர்வென்டிலேஷன்' என்று சொல்வது இதையல்ல. உடலின் தேவைக்கு மிஞ்சி மூச்சுவிடுவதே அது. நாம் மிகைமூச்சு எனலாம். உச்சிக்குச் சற்று முன்னால், ஆழமான பாறைப் பிளவைத் தாண்டும் பாலத்தில் கீழே பார்த்து மிரள்பவருக்கு அது வரலாம். ரத்தத்தில் கரியமில வாயு அளவுமீறிக் குறையும். மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், உதட்டோரம் மரத்துப்போகும், விரல்கள் இழுத்துக்கொள்ளும். காற்றே போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் வேகமாக இழுப்பார்கள். அங்கேதான் சிக்கல் முற்றுகிறது.

காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்லும் பழைய யோசனை வேண்டவே வேண்டாம். காரணம் மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. உட்காரவைத்து, மெதுவாக மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். நெஞ்சு வலித்தாலோ, ஓய்வெடுத்தும் இரைப்பு அடங்காவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.