உணவிற்கு விடைகூறல்

பிரிவு என்னும் பொருளைப் பற்றித் தமிழ்ப் புலவர் பாடியவை பல. தலைவனைப் பிரிந்த தலைவி, மகளைப் பிரிந்த தாய், நாட்டைப் பிரிந்த அரசன் என்றிவர்தம் துயரங்கள் நம் இலக்கியத்தில் நிரம்ப உண்டு. ஆயின் தான் விரும்பி உண்ட உணவைப் பிரியும் ஒருவனது துயரத்தைக் கூறின், கேட்டமாத்திரத்தில் நகைப்பவரே பெரும்பாலார். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ ஆண்டுதோறும் பல்லாயிரவர் அத்தகைய பிரிவொன்றை மெய்யாகவே எய்துகின்றனர். உடற்பருமன் நோயால் வருந்தி, இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திர சிகிச்சைக்கு உடன்பட்டவர்கள், குறித்த நாள் வருமுன் தமக்குப் பிரியமான உணவுகளை ஒவ்வொன்றாக உண்டு அவற்றினிடம் விடைபெறுகின்றனர். இவ்வழக்கம் யாது, எதனால் எழுகின்றது, இதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பனவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் அச்சிகிச்சையின் இயல்பை அறிதல் வேண்டும். 1954-ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாகாணத்து வைத்தியர்களாகிய கிரெமன், லின்னர் முதலியோர், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாவண்ணம் குறுக்குவழி அமைக்கும் முறையொன்றை வெளியிட்டனர். அம்முறையால் உடல் மெலிந்ததேனும், ஈரலும் சிறுநீரகமும் கேடுற்றமையின் நாளடைவில் அது கைவிடப்பட்டது. பின்னர், அயோவாப் பல்கலைக்கழகத்து எட்வர்ட் மேசன் என்பார், இரைப்பைப் புண்ணிற்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பெற்ற பெண்கள் உடல் மெலிந்தே இருப்பதைக் கண்டு, அதனையே பருமனுக்கு மருந்தாக்கலாமென எண்ணினார். 1966-ஆம் ஆண்டில் அவரும் இட்டோ என்பாரும் இரைப்பைக் குறுக்குவழிச் சிகிச்சையைத் தொடங்கினர்.

இக்காலத்தில் மிகுதியாக வழங்குவன இரண்டு முறைகள். ஒன்றில், இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்களவு அறுத்து நீக்கப்படுகின்றது. எஞ்சியது சட்டைக்கை போன்ற ஒடுங்கிய குழலாக நிற்கும். மற்றொன்றில், இரைப்பையின் மேற்பாகத்தில் ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் கொள்ளத்தக்க சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கப்படுகின்றது. இவ்விணைப்பு, இதனை வகுத்த சுவிட்சர்லாந்து தேசத்து வைத்தியர் ரூ என்பாரின் பெயரால் வழங்குகின்றது.

இச்சிகிச்சை எவர்க்கு உரியது எனின், அதற்கு ஓர் அளவு உண்டு. ஒருவரது நிறையைக் கிலோகிராமிற் கொண்டு, உயரத்தை மீட்டரிற் கொண்டு அதன் வர்க்கத்தால் வகுக்கக் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண்ணாம். 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கூடிய அறிஞர் அவை, அவ்வெண் 40 ஆயினும், கொடிய நோய்கள் உடனிருப்பின் 35 ஆயினும் சிகிச்சை தகும் என்றது. 2022-ஆம் ஆண்டில் இத்துறைச் சங்கங்கள் இரண்டு இவ்வளவைத் திருத்தி, பிற நோய் இல்லையாயினும் 35 போதும் என்றும், ஆசிய மக்களுக்கு 27.5 அளவிலேயே சிகிச்சையை எண்ணலாம் என்றும் கூறின. ஆசியர்க்குக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு முதலிய நோய்கள் தோன்றுதலே இதன் காரணம். 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர்க்கு 27.5 என்பது ஏறக்குறைய 70 கிலோகிராம் நிறையாகும். 40 என்பது 102 கிலோகிராமிற்குச் சிறிது மேலாகும். ஆதலின் இதனை அமெரிக்கர்க்கே உரிய செய்தியென்று நாம் ஒதுக்குதல் இயலாது.

'வாயைக் கட்டினால் போதாதோ? வயிற்றை அறுப்பானேன்?' என்று வினவுவார் பலர் உளர். இவ்வினா எளிதாயினும் விடை எளிதன்று. பசி என்பது மனத்தின் விருப்பம் மட்டுமன்று. உடலினுள் ஓடும் ஓர் ஏவலுமாம். 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்களாகிய கொஜிமா, கங்காவா என்போரும் அவர்தம் குழுவினரும் கிரெலின் என்னும் ஹார்மோனைக் கண்டுபிடித்தனர். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பாகத்திற் சுரந்து, மூளைக்குப் பசியை அறிவிப்பது. ஒருவன் உணவைக் குறைத்து மெலிந்தால் இச்சுரப்பு மிகுகின்றது. உடல் தான் இழந்ததை மீட்க முயல்கின்றது. ஆகவே, பன்முறை மெலிந்து பன்முறை பருத்தவனை மனவலி அற்றவன் என்று பழித்தல் முறையன்று. இரைப்பையின் மேற்பாகம் நீங்கியபின் இச்சுரப்புக் குறைதலால் பசியும் தணிகின்றது. மணிமேகலைக் காப்பியத்திற் காயசண்டிகையைப் பற்றிய யானைத்தீ என்னும் அடங்காப் பசியை, சாத்தனார் அவளது குணக்குற்றமாகக் கூறாது நோயாகவே கூறியமை இவ்விடத்து நினைக்கத்தகும்.

இனி, விடைகூறும் வழக்கத்திற்கு வருவோம். சத்திர சிகிச்சைக்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரம் நோயாளி கடும் பத்தியம் காத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 800 முதல் 1000 கலோரி வரையே உணவு. அதுவும் பெரும்பாலும் புரதம் மிகுந்த பானமாக இருக்கும். இதன் காரணம் பலரும் அறியாதது. கல்லீரலின் இடப்பாகம் இரைப்பையின்மேற் கவிந்து கிடக்கின்றது. பருமனுற்றோர்க்கு அது கொழுப்பேறிப் பெருத்திருத்தலால், சிறு துளைவழியே கருவியைச் செலுத்தும் வைத்தியர் அதனை விலக்கி இரைப்பையை அணுகுதல் அரிது. பத்தியத்தால் ஈரல் தன்னகத்துச் சேமித்த சர்க்கரைப் பொருளையும், அதனோடு கலந்த நீரையும், கொழுப்பிற் சிறிதையும் இழந்து சுருங்குகின்றது. ஆகவே பத்தியம் தொடங்கும் நாளே பலர்க்கும் பிரிவு நாளாகின்றது. அதற்கு முந்திய நாட்களில் விருந்து நடைபெறுகின்றது.

அந்நாட்டார் இதனை 'உணவிற்கு ஈமக்கடன்' என்று வேடிக்கையாக வழங்குவர். 'கடைசி இராப்போஜனம்' என்போரும் உளர். தூய பெயரொன்றை இங்ஙனம் வயிற்றின்மேல் ஏற்றுதல் நமக்கு உவப்பன்றாயினும், அச்சொல்லினுள் அச்சமும் ஏக்கமும் கலந்திருத்தலை மறுத்தற்கில்லை. சிலர் பட்டியல் எழுதிவைத்து, இன்ன நாள் இன்ன உணவு என வகுத்துக்கொள்கின்றனர். பாலாடைக்கட்டி உருகிய பீட்சா, பொரித்த கோழி, கனத்த மாட்டிறைச்சித் துண்டம், ஐஸ்கிரீம், பொங்கும் சோடாப் பானம், அப்போது சுட்ட ரொட்டி ஆகியன அப்பட்டியல்களில் இடம்பெறும். சிலர் இளமையில் தந்தையோடு சென்ற சிற்றுண்டிச் சாலைக்கு மீண்டும் செல்கின்றனர். சிலர் பாட்டி செய்த பலகாரத்தை ஒருமுறை செய்து உண்கின்றனர். நாவின் ஆசை ஒன்றே இதனை நிகழ்த்துகின்றதெனின், விலையுயர்ந்த புதிய உணவையன்றோ நாடுவர்? அவர்கள் நாடுவது பழகிய உணவை. உணவோடு பிணைந்துநின்ற ஆட்களையும் நாட்களையுமே அவர்கள் உண்மையிற் பிரிய அஞ்சுகின்றனர்.

இது புதுமையன்று. ஐரோப்பாவில் லெந்து காலத்து உபவாசம் தொடங்குமுன், முட்டை, நெய், இறைச்சி முதலியவற்றை உண்டு தீர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இங்கிலாந்தில் சாம்பற்புதனுக்கு முந்திய செவ்வாயன்று தோசை போன்ற பான்கேக் சுடுவதும் அதன்பாற்பட்டதே. ஆயின் வேற்றுமை ஒன்று உண்டு. லெந்து காலத்திற்கு எல்லை உண்டு. உயிர்த்தெழுந்த திருநாள் வந்ததும் விலக்கிய உணவு மீண்டும் இலைக்கு வரும். சத்திர சிகிச்சையை எதிர்நோக்குபவனோ தன் பிரிவிற்கு எல்லை காணாது மயங்குகின்றான்.

இம்மயக்கத்தின் விளைவை உளநூலார் ஆராய்ந்துள்ளனர். 2002-ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ அறிஞர்களாகிய ஹெர்மன், பொலிவி முதலியோர் ஒரு சோதனையை வெளியிட்டனர். உணவிற் கட்டுப்பாடு காப்பவர் சிலரிடம், நீவிர் நாளை முதல் பத்தியம் தொடங்கல் வேண்டும் என்று கூறிப் பின் பிஸ்கோத்துகளைச் சுவைபார்க்கத் தந்தனர்; அங்ஙனம் கூறப்படாதவரினும் அவர்கள் மிகுதியாக உண்டனர். இழப்பு வருமுன்னரே இழப்பின் எண்ணம் பசியைத் தூண்டிற்று. இதற்கு முன்னரே, 1944-45 ஆண்டுகளில் ஆன்செல் கீஸ் என்பார் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 ஆடவரை ஆறு திங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவ்விளைஞர்கள் இரவும் பகலும் உணவையே நினைந்தனர். சிலர் சமையல் நூல்களைச் சேர்த்து வாசித்தனர். உணவின் நினைவு ஒருவனை ஆட்கொள்ளுதற்குக் காரணம் பெருந்தீனி மட்டுமன்று, குறையுணவும் அச்சமுமே என்பது இவற்றால் விளங்கும்.

எனினும், காரணம் இயல்பானது என்பதனால் செயல் தீங்கற்றது என்று கொள்ளல் ஆகாது. வாரக்கணக்கில் விருந்துண்பவர் நிறை ஏறுகின்றனர். சுருங்கவேண்டிய ஈரல் மேலும் பெருக்கின்றது. பத்தியம் காவாதார்க்கு வைத்தியர் சிகிச்சையைத் தள்ளிவைத்தலும், வயிற்றைத் திறந்தபின் தொடரமாட்டாது நிறுத்தலும் உண்டு. இவ்வுணவின்றி எனக்கு இன்பமே இல்லை என்று விருந்துதோறும் மனத்திற்குக் கற்பிப்பவன், சிகிச்சைக்குப் பின் வாழவேண்டிய வாழ்வைத் தானே வறிதாக்கிக்கொள்கின்றான் என்பதும் நோக்கத்தக்கது.

அவ்வாழ்வு எத்தகையது? முதற் சில நாட்கள் நீரும் தெளிந்த சாறும் துளித்துளியாகப் பருகல் வேண்டும். பின்னர்ப் பால் முதலிய பானங்கள். அதன்பின் மசித்த உணவு. அதன்பின் மென்மையான உணவு. இங்ஙனம் படிப்படியாக ஏறி, ஏறக்குறைய இரண்டு திங்களில் வழக்கமான உணவு வரும். நாளொன்றுக்கு 60 கிராமேனும் புரதம் வேண்டும். உண்ணும்போது நீர் பருகலாகாது; உண்டபின் அரைமணி நேரம் பொறுத்தல் வேண்டும். குறுக்குவழிச் சிகிச்சை பெற்றவர் இனிப்பை மிகுதியாக உண்பின், அது விரைந்து சிறுகுடலிற் புகுந்து, படபடப்பும் வியர்வையும் வயிற்றுவலியும் உண்டாக்கும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, பி12 முதலிய வைட்டமின்கள் ஆயுள்முழுதும் மருந்தாகக் கொள்ளப்படல் வேண்டும்.

ஆயினும், பெரும்பாலான உணவுகள் என்றென்றைக்கும் விலக்கப்படுவனவல்ல. ஓராண்டு கழிந்தபின் பீட்சாவில் ஒரு சிறு துண்டையோ, பிறந்தநாட் பணியாரத்தில் ஒரு கரண்டியையோ உண்பவர் பலர். வேறு சிலர்க்கோ சுவையே மாறிவிடுகின்றது. கண்ணீரோடு விடைகூறிய உணவை மீண்டும் கண்டபோது அதன்மேல் விருப்பம் செல்வதில்லை. அங்ஙனமாயின் மெய்யாகப் பிரிந்தது யாது? நிறைய உண்ணும் அளவு பிரிந்தது. துன்பம் வந்தபோது தட்டின்முன் அமர்ந்து அதனை மறக்கும் வழியும் பிரிந்தது. இவ்விரண்டாவது பிரிவே கொடிது. 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியொன்று, சிகிச்சைக்குப் பின் இரண்டாம் ஆண்டில் மதுப்பழக்கத்தால் இடருறுவோர் தொகை மிகுதலைக் காட்டிற்று. குறுக்குவழிச் சிகிச்சைக்குப்பின் மது விரைந்து இரத்தத்திற் கலத்தலும் இதற்கு ஒரு காரணமாம். ஆறுதல் தந்த ஒன்று நீங்கிய இடத்தைப் பிறிதொரு நல்லாறுதல் நிரப்பாவிடின், தீயதொன்று வந்து நிரப்புதல் எளிது.

இத்துணை இடர் உளவாயின் இச்சிகிச்சை எதற்கு என்பார்க்கு விடையும் உண்டு. சுவீடன் தேசத்தில் 1987-ஆம் ஆண்டு தொடங்கிய நெடிய ஆராய்ச்சியின் முடிபு 2007-இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவரிடை மரணம், பெறாதவரை நோக்க, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பலர்க்கு நீரிழிவு தணிகின்றது. முழங்கால் நோவு குறைகின்றது. மாடிப்படி ஏறவும், குழந்தையோடு தரையில் அமர்ந்து விளையாடவும் இயலுகின்றது. பிரிவின் மறுபக்கத்தில் நிற்பவை இவையே.

ஆதலின், விடைகூறவே வேண்டா என்று நாம் கூறோம். கூறும் முறையே வேண்டற்பாலது. பத்து உணவுக்குப் பதில் ஒன்றைத் தேர்ந்து, வைத்தியர்க்கு உரைத்து, தனித்து மறைந்துண்ணாது சுற்றத்தோடு அமர்ந்து, வயிறு வெடிக்க உண்ணாது சுவை தெரிய உண்ணுதல் ஏற்றது. அவ்வுணவின் வரலாற்றை எழுதிவைத்தலும், அதனைச் செய்யும் பக்குவத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தலும் நன்று; நினைவைக் காத்தற்கு வயிறு ஒன்றே பேழையன்று. அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் உணவறிஞரும் உளநூல் வல்லாரும் சிகிச்சைக்கு முன்னரே நோயாளியோடு உரையாடுதல் வழக்கம். தன் துயரத்தை நாணாது அவர்க்கு உரைப்பவன் அதன் பாரத்திற் பாதியை இறக்கிவைத்தவனாவான்.

உடன் உண்பவர்க்கும் கடமை உண்டு. சிகிச்சை பெற்றவர் இரண்டு கரண்டியோடு கையை நிறுத்தின், 'இன்னும் சிறிது' என்று வற்புறுத்துதல் நம் நாட்டில் அன்பின் அடையாளமாகக் கருதப்படுகின்றது; அவர்க்கோ அது நோயாகும். இலையில் இட்டதன் அளவைக்கொண்டு விருந்தோம்பலை அளவாது, அருகிருந்து அளவளாவும் பொழுதைக்கொண்டு அளத்தல் வேண்டும். உடல் பருத்தாரைக் காணின் நகைத்தலும், மெலியும்பொருட்டு அவர் மேற்கொள்ளும் வழியைக் கேட்பின் அதற்கும் நகைத்தலும் கற்றார்க்கு அழகல்ல. தான் நேசித்த ஒன்றை உயிர்வாழ்தற்பொருட்டு விடுகின்றவன் எந்நாட்டவனாயினும், அவன் விடுவது ஒரு துண்டு ரொட்டியேயாயினும், அவனது துயரம் நம் இரக்கத்திற்கு உரியதே.