பல வருஷமாக நிற்கும் பழைய டீசல் கார்... சாவியைத் திருப்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிறீர்கள். வீட்டையொட்டிய ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில் அப்பாவின் பழைய டீசல் அம்பாசிடர் நிற்கிறது. நாலைந்து வருஷமாக யாரும் எடுக்கவில்லை. "புது பேட்டரி ஒண்ணு போட்டா ஓடிடும்டா" என்கிறார் அப்பா. "பேட்டரி எதுக்கு? நாலு பேர் தள்ளினா போதும்" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

இரண்டு யோசனையுமே ஆபத்தானவை. பழைய டீசல் இன்ஜின் சும்மா நின்றதால் மட்டும் கெட்டுப்போவது குறைவு. நின்றுகிடந்த வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யும்போதுதான் பெரிய சேதம் நடக்கிறது. அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. இன்ஜினை உடைத்துக்கொண்டால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கி வரிசையாகப் பார்த்தால், அப்பா ஓட்டிய அதே இன்ஜினையே மீட்டுவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது.

டீசல் இன்ஜினில் என்ன வித்தியாசம்?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் அது கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. அதனால் ஸ்டார்ட் ஆக மூன்று விஷயம் வேண்டும்: இன்ஜினை வேகமாகச் சுற்றும் அளவுக்கு வலுவான பேட்டரி, கசியாத கம்ப்ரஷன், காற்றுக் குமிழி இல்லாத சுத்தமான டீசல். நீண்ட நாள் நின்ற வண்டியில் இந்த மூன்றுமே அடி வாங்கியிருக்கும்.

பானெட்டைத் திறந்ததும்...

முதலில் தேட வேண்டியது எலி. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள். கூடு கட்டியிருந்தால், அந்தப் பஞ்சும் குப்பையும் நேராக இன்ஜினுக்குள் போகும். வயர்களைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஷெட்டில் பாம்பு இருக்க வாய்ப்புண்டு என்றால், கையை விடும் முன் குச்சியால் தட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்து ஆயில். டிப் ஸ்டிக்கை எடுங்கள். பால் விட்ட காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு 'மேக்ஸ்' கோட்டைத் தாண்டி நின்றாலோ, டீசல் வாடை அடித்தாலோ, டீசல் உள்ளே இறங்கியிருக்கிறது. எதுவுமே இல்லை என்றாலும் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா, ரப்பர் ஹோஸ்கள் வெடித்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். உங்கள் கார் டைமிங் பெல்ட் உள்ள மாடல் என்றால், பெல்ட்டை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும்.

கையால் சுற்றிப் பாருங்கள்

இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் மாட்டி, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் நல்ல சகுனம்.

அசையவே இல்லையா? பிஸ்டன் ரிங்குகள் துருவில் ஒட்டியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டுச் சில நாள் பொறுங்கள். ஸ்பேனருக்கு நீளமான பைப் மாட்டி மல்லுக்கட்டக் கூடாது.

சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ தேங்கியிருந்தால் விஷயம் இன்னும் சீரியஸ். காற்றை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சென்னையில் 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற கார்களை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். உங்கள் கார் எப்போதாவது வெள்ளத்தில் நின்றிருந்தால், மெக்கானிக் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

டேங்கில் இருப்பது இன்னும் டீசல்தானா?

சேமித்து வைத்த டீசல் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரைதான் நன்றாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதன் பிறகு காற்றுடன் கலந்து பிசுபிசுப்பாக மாறும். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். இரண்டும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சகதியாகும். அது முதலில் ஃபில்டரை அடைக்கும்.

பழைய டீசல் பம்ப்புக்கு டீசலேதான் மசகு எண்ணெய். தண்ணீர் கலந்த டீசல் போனால் பம்ப்பும் நாசில்களும் உள்ளே தேய்ந்து, துருப்பிடிக்கும். எனவே "பழசோட புதுசைக் கலந்து ஓட்டிக்கலாம்" என்ற யோசனை வேண்டாம். டேங்க்கை முழுசாக வடித்து, கழுவி, டீசல் ஃபில்டரை மாற்றி, பத்து லிட்டர் புது டீசல் ஊற்றுங்கள். வடித்த டீசலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள்.

பேட்டரி எப்படி இருக்க வேண்டும்?

முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டும். 12-க்குக் கீழே வருஷக்கணக்கில் கிடந்த பேட்டரி மீள்வது அபூர்வம். புதுசு வாங்கும்போது, டீசல் மாடலுக்குச் சொன்ன அளவுதானா என்று கேட்டு வாங்குங்கள். டெர்மினல்களைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஹீட்டர் பிளக் வேலை செய்யாவிட்டால் எவ்வளவு நல்ல பேட்டரியும் வீண்தான். அதைக் கழற்றி வைத்திருக்கும்போதே சோதித்துவிடலாம்.

ஏர் எடுப்பது எப்படி?

டேங்க்கை வடித்து, ஃபில்டரைக் கழற்றியதால் லைனுக்குள் காற்று புகுந்திருக்கும். மெக்கானிக்குகள் சொல்லும் 'ஏர் லாக்' இதுதான். ஃபில்டர் மேலே உள்ள சிறிய ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடியுங்கள். முதலில் நுரை வரும். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்குங்கள். டீசல் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவிலும் இதையே செய்ய வேண்டும். கடைசியாக, நாசில் பைப் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திச் செல்ஃப் அடித்தால் மிச்சக் காற்றும் வெளியேறும். பிறகு மறக்காமல் இறுக்குங்கள்.

எச்சரிக்கை: இந்தக் கடைசி வேலை பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு மட்டுமே. உங்களுடையது காமன் ரயில், அதாவது சிஆர்டிஐ வகை என்றால், நாசில் பைப்பில் கை வைக்கவே கூடாது. அதில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். ஊசி மாதிரி பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நடந்தால், காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது சாவி

வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளுங்கள். மூடிய இடத்தில் புகை உயிருக்கே ஆபத்து. சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். முதலில் 'ஸ்டாப்' நாபை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். டீசல் போகாமல் இன்ஜின் சுற்றும், ஆயில் மேலே ஏறும். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம். ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். ஆயில் விளக்கு அணைந்ததும் நாபை விட்டு, ஹீட்டரைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

பிடித்துக்கொண்டதும் சந்தோஷத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். சில வினாடியில் ஆயில் விளக்கு அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஆரம்பத்தில் வெள்ளைப் புகை வருவது சகஜம். சூடான பிறகும் நீலப் புகை தொடர்ந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

செய்யவே கூடாத மூன்று

* ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது, பெட்ரோல் துணியை ஏர் இன்டேக்கில் வைப்பது. ஹீட்டர் பிளக் சூட்டில் அது நேரம் தப்பி வெடித்து பிஸ்டனை உடைக்கும்.
* தள்ளி ஸ்டார்ட் செய்வது. பல வருஷம் நின்ற காரில் பிரேக் பிடிக்கும் என்று நம்ப முடியாது.
* அளவுக்கு மேல் ஆயில் உள்ள இன்ஜினை ஓட்டுவது. டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் சீறும். அப்படி நடந்தால் பிரேக்கை அழுத்தி, டாப் கியர் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு அமர்த்த வேண்டும். பானெட் பக்கம் போகக் கூடாது.

ரோட்டில் இறக்கலாமா?

இன்ஜின் ஓடுகிறது என்பதாலேயே கார் ஓடத் தயார் என்று அர்த்தமில்லை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். அதை மாற்றி, வீல் சிலிண்டர் கசிவையும் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயவில்லை என்றாலும், பத்து வருஷம் ஆன டயரை நம்பாதீர்கள்.

ஆவணங்களும் முக்கியம். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் வண்டியின் வயசைப் பொறுத்தது. செலவு செய்யும் முன் பரிவாஹன் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் காலாவதியாகியிருந்தால், அடுத்த தெரு வரைகூட ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதுதான் சரி.

மறுபடி ஊருக்குக் கிளம்பும்போது...

டேங்க்கை ஃபுல் செய்யுங்கள். காற்று குறைந்தால் தண்ணீரும் குறையும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இருந்தால், மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறும விட்டு அணைப்பதில் பலன் இல்லை. இந்த வேலைக்கு அப்பாவைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். அதற்கு முன் பிரேக்கை மட்டும் நீங்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.