கையை ஆளும் மூளை

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், பஃபலோ சாலைப் பூக்கடைகளின் முன் நிற்போர் மாலை கட்டும் விரல்களை வியந்து நோக்குவதுண்டு. வாய் விலை பேச, கண் வாடிக்கையாளரை நோக்க, விரல்கள் மட்டும் மலரை அடுக்கி நூலைச் சுற்றி முடிச்சிட்டுக்கொண்டே போகும். இதனைக் கைத்திறன் என்பது உலக வழக்கு. ஆயினும் கை ஏவல் செய்யும் பணியாளே, ஏவுவது மூளை. ஆகவே முதுமையிலும் நோயிலும் கை தளருங்கால், மூட்டையும் தசையையும் ஆராய்வதோடு நில்லாமல் மூளையின் நிலையையும் அறிதல் வேண்டும்.

மேசைமேல் உள்ள தேநீர்க் குவளையை ஒருவர் எடுப்பதாகக் கொள்வோம். குவளை இருக்கும் இடத்தைக் கண் அறிவிக்கிறது. பெருமூளையின் மேற்புறத்திலுள்ள இயக்கப் பகுதியிலிருந்து கட்டளை பிறக்கிறது. அக்கட்டளையைச் சுமக்கும் நரம்பு இழைகளுள் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறித் தண்டுவடத்தின் வழியே இறங்குகின்றன. வலக்கையை இடப்புற மூளையும், இடக்கையை வலப்புற மூளையும் ஆள்வது இதனாலேயே. இவ்வியக்கப் பகுதியை 1870இல் ஃபிரிட்ச், ஹிட்சிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் நாயின் மூளையில் கண்டறிந்தனர். மனித மூளையில் கைக்கும் விரல்களுக்கும் உரிய இடம் உடற்பகுதிக்கு உரியதைவிட மிகப் பெரிது என்பதைப் பின்னர்க் கனடாவின் பென்ஃபீல்டு காட்டினார்.

பெருமூளைக்குத் துணைவர் இருவர் உளர். ஒன்று சிறுமூளை. கண்ட பிழை கையை எட்டித் திருத்தம் பெற ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கேனும் ஆகும். விரைந்து செல்லும் கை அதுவரை காத்திராது. ஆதலால் கை எங்கே சென்று சேரும் என்பதை முன்கூட்டியே கணித்து வழிப்படுத்துவது சிறுமூளையின் பணி. மற்றொன்று மூளையின் அடியாழத்தில் உள்ள நரம்பணுத் திரள்கள். அசைவைத் தொடங்குவதற்கும் அதன் அளவை வகுப்பதற்கும் இவை உதவுகின்றன.

முதுமை வருங்கால் இவ்வாட்சி நிதானம் கொள்கிறது. நரம்பின் செய்தி சற்றே மெதுவாகச் செல்கிறது. இளைஞர் ஒரே வீச்சில் தொடும் பொருளை, முதியவர் அருகிற் சென்று சிறுசிறு திருத்தங்கள் செய்து தொடுகிறார். இளமையில் மூளையின் ஒரு பாதி செய்த வேலைக்கு, முதுமையில் மறு பாதியும் துணை நிற்பதுண்டு. இது நோயன்று.

நோயால் வரும் மாற்றம் வேறு. கை எப்போது நடுங்குகிறது என்பதே அதனை அறியச் சிறந்த வழி. மடியில் ஓய்ந்திருக்கும்போது நடுங்கி, பொருளை எடுக்க நீளும்போது தணிவது, 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் லண்டன் மருத்துவர் விளக்கிய நோயின் அடையாளம். அது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். நடக்கையில் அப்பக்கத்துக் கை வீசாமல் நிற்கும். எழுதும் எழுத்து வரவரச் சிறுத்துப் போகும். மூளையில் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிவதே இதற்குக் காரணம். அக்குறையை ஈடுசெய்யும் லெவோடோப்பா மருந்து 1960களில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டு மருத்துவத்தில் வழங்கும் பூனைக்காலி விதையிலும் அப்பொருள் உண்டு. எனினும் விதையில் அதன் அளவு ஒரு நிலையாக இராமையால், மருத்துவரைக் கேளாமல் உண்பது தகாது.

ஓய்வில் அடங்கி, குவளையை ஏந்தும்போதும் எழுதும்போதும் நடுங்குவது பிறிதொரு வகை. அது குடும்ப வழியாகவும் வரும். பொருளை நெருங்க நெருங்க நடுக்கம் மிகுந்து, கை இலக்கைத் தாண்டிப் போனால் சிறுமூளையில் பழுது இருக்கலாம். ஒரு கை திடீரெனச் செயலற்றுப் போவது பக்கவாதமாக இருக்கலாம்; சிங்கப்பூரில் உடனே 995ஐ அழைத்தல் வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு விலை.

பக்கவாதத்தால் ஓய்ந்த கையை மீண்டும் பழக்கும் பணி சிங்கப்பூரிலும் நடைபெறுகிறது. 1844இல் தோன்றிய டான் டோக் செங் மருத்துவமனை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் கூடும் இடத்தில் இருந்து, 1909இல் மோல்மீன் சாலைப் பகுதிக்கு மாறியது. 1999இல் தொடங்கிய தேசிய நரம்பியல் நிலையமும் அவ்வளாகத்தில் உள்ளது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘எச்-மேன்’ என்னும் மேசை இயந்திரம் அம்மருத்துவமனை நோயாளரிடம் ஆராயப்பட்டது. நோயாளர் அதன் பிடியைப் பற்றித் திரையில் தோன்றும் இலக்கை நோக்கிக் கையை நகர்த்துவர். பயிற்சியாளர் மட்டுமே அளிக்கும் பயிற்சியோடு, இயந்திரமும் சேர்ந்த பயிற்சி ஒத்த பயன் தந்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரனின் கண்ணாடி முறையும் இங்கே நினைக்கத் தக்கது. இழந்த கை இன்னும் வலிப்பதாக உணர்வோர்க்காக 1990களில் அவர் அதனை வகுத்தார். பின்னர் அது பக்கவாத நோயாளர்க்கும் பயன்பட்டது. நல்ல கையின் நிழலைக் கண்ணாடியிற் கண்டு, ஓய்ந்த கையே அசைவதாக மூளை கொள்கிறது. பழக்கினால் மூளை புது வழி தேடும் என்பதே இம்முயற்சிகளின் அடிப்படை.

“வயதாகிவிட்டது, கை நடுங்கத்தான் செய்யும்” என்று வீட்டார் கூறும் ஒரு சொல், மருந்தும் பயிற்சியும் உதவக்கூடிய ஆண்டுகளை வீணாக்கிவிடும். பெரியவர் முன்பு எழுதிய கடிதத்தையும் இன்று எழுதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எழுத்து மெதுவாக வந்தால் அது முதுமையாகலாம். வரிக்கு வரி சிறுத்தால் மருத்துவரிடம் காட்டுக. எழுத்தை நாள்தோறும் திருத்தும் தமிழாசிரியர் கண்ணுக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும்.